தரை டிக்கெட் இரண்டு

கிரயம் பேசியாகிவிட்டது.
செவ்வாய்ப்பேட்டையில் சண்பகா டாக்கீஸ் நின்ற இடம்
இனி ஐந்து மாடி, அடியில் கார் நிறுத்தம்.
பத்திரம் எழுதுகிறவன் நான். செக்குபந்தி என் பாடு.
கொலுசுப் பட்டறைச் சந்துக்குத் தெற்கு,
சோடா கம்பெனி மதிலுக்கு மேற்கு,
நகராட்சிச் சாக்கடைக்கு வடக்கு,
யாரும் உரிமை கோராத வேப்பமரத்துக்குக் கிழக்கு.
இதன் மத்தியில்
ஒரு வெள்ளைத் திரை இருந்ததை எழுதப்
படிவத்தில் கட்டம் இல்லை.

மூலப்பத்திரம் நாற்பத்தெட்டாம் வருஷத்தது.
முத்திரையில் இன்னும் ராஜா தலை.
பூச்சி அரித்த நாலாம் பக்கத்தில்
தேவாங்கர் தெரு சௌடப்பன்
தறிக்கொட்டகை நிலத்தை விற்கும்போது
ஒரு வரி நுழைத்திருக்கிறார்:

மேற்படி இடத்தில் சினிமா உள்ளளவும்
ஆட்டம் ஒன்றுக்குத் தரை டிக்கெட் இரண்டு
நானும் என் வாரிசுகளும்
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
இலவசமாய் அனுபவித்துக்கொள்வோமாகவும்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிருங்களேன்" என்றார் பில்டர்.
கிழிக்கிறவனுக்கு லைசன்ஸ் எதற்கு?

தேடிப் பிடித்தோம்.
பேத்தி முறை, பங்கஜவல்லி,
ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறாள்.
விடுதலைப் பத்திரத்துக்கு ஐயாயிரம் என்றார்கள்.
டிபன் பைக்குள்ளிருந்து
கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்தாள்.

"எழுபத்துநாலு ஜனவரி ஒண்ணுலேர்ந்து
தொண்ணூத்தெட்டு டிசம்பர் கடைசி வரைக்கும்,
தினம் மூணு ஆட்டம், லீப் வருஷம் ஆறு.
போகாத டிக்கெட்
ஐம்பத்துநாலாயிரத்து எழுநூத்தி எண்பத்தாறு.
ஞாயித்துக்கிழமை காலைக் காட்சிய விட்டுட்டேன்,
போனாப் போகுது."

ஏன் போகவில்லை என்று பில்டர் கேட்கவில்லை.
நான் கேட்டேன்.

அவள் அப்பா தறியை விட்டு ஸ்டுடியோவுக்குப் போனவர்.
ஏற்காட்டு அடிவாரம் அப்போது
திங்கட்கிழமை இமயமலை, செவ்வாய்க்கிழமை பர்மா.
பர்மாவில் செத்துக் கிடக்க
ஆளுக்கு ஏழு ரூபாய், ஒரு பொட்டலம் எலுமிச்சைச் சோறு.
காலை முதல் பொழுதிறங்கும்வரை செத்தார்,
கழுத்தில் எறும்பு ஊர ஊர.

படம் சண்பகாவுக்கு வந்தது.
தெருவே போய்ப் பார்த்தது. பர்மாவில் அவர் இல்லை.
அடுத்த ஆட்டத்திலும் இல்லை.
நாலு நாள், பன்னிரண்டு ஆட்டம்,
மணலில் குந்தி, தன்னைத் தேடி.
ஐந்தாம் நாள் ஆபரேட்டர் அறைக்கு ஏறினார்.

"பொணம் இமைச்சிருச்சுன்னு
அங்கயே வெட்டிட்டாங்களாம்யா."

மேனேஜர் சிரித்த சிரிப்பு
தரை டிக்கெட் வரை கேட்டதாம்.

அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் சினிமாவுக்குப் போகவில்லை.
அவர்கள் பங்கு மணலில்
வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.
எண்பத்திரண்டில் நானே ஒருவேளை,
முறுக்கும் கையுமாய், மூன்று தடவை.

பில்டரின் வக்கீல் ஒரு நாள் முழுக்க வாதாடினார்:
சினிமா என்றால் கட்டடம். கட்டடம் இல்லை, பாத்தியதையும் இல்லை.
"சினிமான்னா படம் சார்" என்றாள் பங்கஜவல்லி.
"அது இன்னும் ஓடிக்கிட்டுதானே இருக்கு?"
நாற்பதாயிரத்தில் முடிந்தது.
தொகைக்கு எதிரே
டிக்கெட் பாக்கி என்று எழுதச் சொன்னாள்.
சட்டத்தில் அப்படி ஒரு தலைப்பு கிடையாது.
எழுதினேன்.

சார்பதிவாளர் ஆபீஸ். டோக்கன் பதினேழு.
பெருவிரல் வைத்தாள்.
மானிட்டர் மேல் சுண்டைக்காய் அளவில் ஒரு கேமரா.
"இங்க பாருங்கம்மா."
பார்த்தாள்.
"கண்ண மூடிட்டீங்க. இன்னொரு தடவை."
மறுபடியும் மூடியிருந்தாள்.
வரிசை முணுமுணுத்தது.

"அப்படியே ஏறட்டும் சார்.
இத யாரும் வெட்ட மாட்டாங்கல்ல?"

"சிஸ்டம் எடுத்துக்காதும்மா.
இமைக்காதீங்க."

ஃபேன் காற்றில் முடி கலைந்து
கண்ணில் விழுந்தது.
பங்கஜவல்லி இமைக்கவில்லை.